காதுக்கு எந்தக் கருவி?

செஞ்சிக்குப் பக்கத்தில் மண்டகப்பட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் பிள்ளையின் பிரதாபம். பெற்றவளாயிற்றே, அதைக் குறை சொல்வதற்கில்லை. கடைசிப் பக்கத்தில்தான் விஷயம் வருகிறது.

"அக்கா, பையன் பிளஸ் டூ எழுதிவிட்டு லீவில் இருக்கிறான். ராத்திரி சாப்பாடு ஆனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சிநேகிதர்களோடு துப்பாக்கி விளையாட்டுத்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஹெட்போன் இருக்கிறது. என் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தான். பாட்டுக் கேட்க அருமையாக இருக்கிறது. அது போதாதாம், 'கேமிங் ஹெட்செட்' வேண்டுமாம். 'அதைப் போட்டால்தான் அம்மா, எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியும்' என்கிறான். இவன் அப்பாவோ, 'காது இரண்டுதானே, அதற்கு எத்தனை கருவி?' என்கிறார். நாலாயிரம் ரூபாய் என்று சொல்கிறான். மகளிர் குழுவில் நான் சேர்த்த பணம் என்னிடம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். வாங்கலாமா, கூடாதா? வாங்கினால் காது கெட்டுப் போகாதா?"

நல்ல கேள்வி. பையன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அப்பா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நாலாயிரம் ரூபாய் என்பது லேசான தொகையல்ல. அதிலும் வாராவாரம் கூட்டத்துக்குப் போய், ஐம்பதும் நூறுமாகச் சேர்த்த பணம். ஆகையால் கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். காதில் கேட்பதற்கு மட்டும் உள்ளது ஹெட்போன். அதோடு வாய்க்கு முன்னால் ஒரு மைக்கும் சேர்ந்தால் ஹெட்செட். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஹெட்செட் ஒன்றும் நேற்றுப் பிறந்த பையன்களின் சாமான் அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுவதும் அதை மாட்டிக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டுக் கேட்டு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர்கள் பெண்கள்தானே! ஹெட்போனின் பூர்வீகத்திலும் ஒரு சமையலறை வருகிறது. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் நதானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் காதுக் கருவிகளைச் செய்தார். 1910-ல் அவற்றை அமெரிக்கக் கடற்படை வாங்கிக் கொண்டது. அந்த வீட்டு அம்மாள் அடுப்பங்கரையை எப்படி விட்டுக்கொடுத்தாரோ, அதைச் சரித்திரக்காரர்கள் எழுதவில்லை.

சரி, 'ஹெட்செட்' புரிந்தது. முன்னால் 'கேமிங்' என்று ஒரு சொல் ஒட்டிக் கொண்டிருக்கிறதே, அது என்ன? அங்கேதான் விலை ஏறுகிறது.

மண்டகப்பட்டுச் சகோதரிக்குச் சொல்ல எனக்கு அவர் ஊரிலேயே ஒரு உதாரணம் கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில், அந்த ஊர்ப் பாறையில் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் அந்தக் கோயிலை எடுத்ததாக அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டில் சொல்கிறான். எப்படி எடுத்தானாம்? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல். நாலையும் கழித்தான், கோயில் நின்றது. ஆயிரத்து நானூறு வருஷமாக நிற்கிறது. விளம்பரத்தைப் பார்க்கும்போது நானும் இந்த மகேந்திரன் கணக்கைத்தான் போடுவது வழக்கம். பெட்டியில் போட்டிருக்கும் டிராகன் படத்தைக் கழியுங்கள். பக்கத்தில் பளிச்சிடும் சிவப்பு விளக்கைக் கழியுங்கள் (மாட்டிக் கொண்டிருப்பவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது, எதிரே உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் கண் கூசும்). 'புரோ', 'எக்ஸ்' என்ற பட்டங்களைக் கழியுங்கள். கடைசியில் '7.1' என்று பெரிதாக ஒரு எண் போட்டிருப்பான், அதையும் கழியுங்கள். மிச்சம் என்ன நிற்கிறது? சத்தம் தரும் இரண்டு குட்டி ஸ்பீக்கர், காதுக்கு மெத்தை, தலைக்கு வளையம், ஒரு வயர், ஒரு மைக். அந்த ஐந்தும் நன்றாயிருந்தால் சாமான் நல்ல சாமான்.

"அந்த 7.1-ஐக் கழிக்கலாமா? எதிரி வரும் திசை அதில்தானே தெரிகிறது?" என்று பையன் சண்டைக்கு வருவான். வரட்டும். அவனுக்கு இப்படிச் சொல்லுங்கள்.

நமக்குத் திசை தெரிவது எப்படி? வலப்பக்கம் ஒருவன் நடந்தால் அந்தச் சத்தம் வலது காதுக்கு முதலில் வருகிறது. இடது காதுக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறது. 'கொஞ்சம்' என்றால், ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை! அத்தோடு, நடுவில் தலை மறைப்பதால் இடது காதில் சத்தம் சற்றுக் குறைவாகவும் கேட்கிறது. இந்த இரண்டையும் வைத்து மூளை திசையைக் கண்டுபிடித்து விடுகிறது. இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி ரேலீ பிரபு 1907-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதற்குக் காது மடலின் மடிப்புகள் துணை செய்கின்றன. ஆக, விளையாட்டை அமைத்தவர்கள் இந்தக் கால வித்தியாசத்தையும் மடல் செய்யும் வேலையையும் கணக்கிட்டு ஒலியிலேயே கலந்து அனுப்பிவிட்டால், சாதாரண ஹெட்போனிலும் திசை கேட்கும். 7.1 என்று போட்ட ஹெட்செட்டைப் பிரித்துப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்தான் இருக்கும். மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு. விளையாட்டே அந்தக் கணக்கைப் போட்டு அனுப்பியிருக்க, ஹெட்செட்டும் தன் பங்குக்கு இன்னொரு முறை போட்டால், சாம்பாரில் இரண்டு பேர் உப்புப் போட்ட கதைதான். மண்டகப்பட்டுக் குகை வாசலில் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு துவாரபாலகர் நிற்கிறார்களே, ஏழு பேர் வேண்டும் என்று மகேந்திரன் நினைக்கவில்லை!

ஆனால் பையன் சொன்ன காலடிச் சத்தம் பொய்யல்ல. செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் மேலே ராக்காவல் இருந்தவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் ஆயுதமாயிருந்திருக்கும். 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் படை கீழே முற்றுகை போட்டிருந்த காலத்தில், இருட்டில் ஒரு கல் உருண்டால் அது ஆடா, ஆளா என்று அவன் கண்டு பிடித்தாக வேண்டும். இந்தத் துப்பாக்கி விளையாட்டுகளிலும் அதே சமாசாரம்தான். மேல் மாடியில் யாரோ நடக்கிறான், கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரிகிறது. ஆகவே தெளிவாகக் கேட்கும் கருவி வேண்டும் என்பது நியாயமான ஆசை. அந்தத் தெளிவு நல்ல ஹெட்போனில்தான் அதிகம். அதே விலைக்கு வாங்கும் கேமிங் ஹெட்செட்டில் பணத்தில் ஒரு பங்கு விளக்குக்கும் ஒரு பங்கு மைக்குக்கும் போய்விடுகிறது. வேடிக்கையைக் கேளுங்கள்: ஜெர்மனியில் பெயர்டைனமிக் என்று ஒரு பழைய கம்பெனி, 1937-லேயே ஹெட்போன் செய்தவர்கள். அவர்களுடைய டி.டி. 770 என்ற ஹெட்போன் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோக்களில் பேர்போனது. அதே அமைப்பில் மைக்கை வைத்துத்தான் எம்.எம்.எக்ஸ். 300 என்று விளையாட்டுக்காரர்களுக்கு விற்றார்கள். சட்டை ஒன்று, பித்தான் வேறு. நம் கைக்கு எட்டுகிற விலையல்ல அது; உள்ளே இருக்கும் தத்துவத்துக்காகச் சொன்னேன்.

சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த ஹெட்போன் பாட்டுக்கு அருமையாக இருக்கிறது என்று அம்மாவே எழுதியிருக்கிறார். அப்படியானால் காலடிச் சத்தத்துக்கும் அது போதும். குறை மைக் ஒன்றுதான். அதுவும் குறைதானா என்று முதலில் பார்த்து விடுங்கள். ஹெட்போன் வயரின் முனையில் உள்ள பின்னைக் கையிலெடுத்து அதில் எத்தனை கறுப்பு வளையம் என்று எண்ணுங்கள். இரண்டு வளையம் இருந்தால் கேட்க மட்டும். மூன்று வளையம் இருந்தால் அதில் மைக்கும் இருக்கிறது. வயரிலே அரிசி அளவு ஒரு துளை தென்படும், அதுதான். வீட்டிலே மைக்கை வைத்துக் கொண்டே மைக் வாங்கப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. இன்னொரு விஷயம்: பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் கேட்பதற்குப் பச்சைத் துளை, பேசுவதற்கு ரோஸ் துளை என்று தனித்தனியாக இருக்கும். மூன்று வளையப் பின்னை அதில் செருகினால் காது கேட்கும், வாய் பேசாது. அதைப் பார்த்துவிட்டு, "மைக் கெட்டுப் போச்சு" என்று பையன் புதுசுக்கு அடி போடுவான்! ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் கடைகளில் கிடைக்கிறது. நூறு, இருநூறு ரூபாய்க்குள் காரியம் முடியும்.

மைக்கே இல்லை என்றால் சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். கம்ப்யூட்டருக்கு என்றால் யு.எஸ்.பி. முனை உள்ளதாகப் பார்த்து வாங்குவது மேல். ஹெட்போன் துளையோடு போட்டி போடாது. காலர் மைக்கில் ஒரு தொல்லை உண்டு. அம்மா கூப்பிடுவது, மிக்ஸி சத்தம், பக்கத்து வீட்டு சீரியல் எல்லாம் சேர்ந்து சிநேகிதர்களுக்குக் கேட்கும். வாயருகே நீட்டிக் கொண்டிருக்கும் ஹெட்செட் மைக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. சத்தம் நிறைந்த வீடாயிருந்தால் இதை யோசிக்க வேண்டியதுதான்.

வீட்டில் ஒன்றுமே இல்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பவர்களுக்கு என் அபிப்பிராயம் வேறு. அவர்கள் வயர் உள்ள சாதாரணமான ஒரு ஹெட்செட்டையே வாங்கிவிடலாம். கேமிங் என்று போட்டிருந்தாலும் பாதகமில்லை. தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதில் நம் வீட்டில் பாதி சாமான் தொலைந்து போகும். வயர் கழற்றி மாட்டுகிற மாதிரியா, காது மெத்தை மாற்றக் கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். இந்தச் சாமான்களில் முதலில் போவது பின் அருகே உள்ள வயர், அடுத்தது மெத்தை. இரண்டையும் மாற்ற முடிந்தால் நாலு வருஷம் ஓடும்.

வயர் இல்லாத ப்ளூடூத் ஹெட்போனை மட்டும் விளையாட்டுக்கு வாங்காதீர்கள். பாட்டுக்குச் சௌகரியம், மறுக்கவில்லை. ஆனால் சத்தம் காதுக்கு வந்து சேருவதற்குள் சாதாரணமாக வினாடியில் பத்தில் ஒரு பங்கோ, ஐந்தில் ஒரு பங்கோ கடந்துவிடுகிறது. மின்னல் முதலில், இடி அப்புறம் என்பது போல, சுட்டவனைக் கண்டு முடித்த பிறகுதான் வெடிச் சத்தம் கேட்கும். கம்ப்யூட்டரில் அதன் மைக்கைத் திறந்தாலோ, பாட்டுத் தரம் போய் டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும் கருவிகள்தான் அதிகம். வயர் வேண்டவே வேண்டாம் என்று பையன் அடம் பிடித்தால், யு.எஸ்.பி. துளையில் செருகும் சின்னத் துண்டு ஒன்றோடு வருகிறதே, அந்த ஜாதியைப் பார்க்கலாம். அதில் தாமதம் மிகக் குறைவு. விலை கூட.

திறந்த ஹெட்போன், மூடிய ஹெட்போன் என்று ஒரு பிரிவு உண்டு. 1968-ல் ஜெர்மானிய சென்ஹைசர் கம்பெனி மஞ்சள் ஸ்பாஞ்சு மெத்தையோடு எச்.டி. 414 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. திறந்த ஜாதிக்கு அதுதான் முன்னோடி. பின்பக்கம் சல்லடை போலிருக்கும். காற்றும் சத்தமும் போய் வரும். ஒலி விசாலமாக, திசை துல்லியமாகக் கேட்கிறது என்று விளையாட்டுக்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். நமக்கு இன்னொரு லாபம்: "டேய், சாப்பிட வா!" என்றால் கேட்கும். ஆனால் உள்ளே நடக்கும் யுத்தம் கூடம் முழுவதும் கேட்கும். மூடிய ஜாதியில் வெளிச் சத்தம் அடங்குகிறது. ஆடி மாதம் தெருமுனையில் கூழ் வார்க்கும் ஒலிபெருக்கி அலறும்போது, திறந்த ஹெட்போன்காரன் அதை மீறிக் கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டுவான். மூடிய ஹெட்போன்காரன் கூட்டத் தேவையில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நம் ஊர் வீடுகளுக்கு மூடியதே மேல் என்பேன். வியர்க்கும் என்பது வாஸ்தவம். கத்திரி வெயிலில் ரெக்ஸின் மெத்தை காதோடு ஒட்டிக் கொள்ளும். துணி மெத்தை கிடைத்தால் அதைக் கேளுங்கள். மூக்குக் கண்ணாடி போடும் பிள்ளையானால் கண்ணாடியோடு கடைக்கு அழைத்துப் போய்ப் பத்து நிமிஷமாவது மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காதோரம் கம்பி அழுத்துகிறதா இல்லையா என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்து பிரயோஜனமில்லை.

இனி, காது கெடுமா என்ற கேள்வி. கடிதத்தில் கடைசி வரியாக வந்திருந்தாலும் இதுதான் முதல் கேள்வி.

கெடும். கருவியால் அல்ல, சத்தத்தாலும் நேரத்தாலும். உள்காதில் இருக்கும் மெல்லிய மயிர் உயிரணுக்கள் அதிக ஓசையில் நைந்து போகின்றன. போனவை திரும்ப முளைப்பதில்லை. தலைமயிர் கொட்டினால் முளைக்கும் என்று எண்ணெய் விற்கிறார்கள். இதற்கு அப்படி ஒரு எண்ணெய் விற்கக்கூட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு கணக்குச் சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதாயிருந்தால் சத்தம் 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75 டெசிபல். சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் வாரத்துக்கு 20 மணி, 86 என்றால் 10 மணி. இப்படியே போய் 100 டெசிபலில் கேட்டால் வாரம் முழுவதற்கும் இருபதே நிமிஷம்! தினம் மூன்று மணி விளையாடுகிறான் என்றால் வாரத்துக்கு 21 மணி ஆகிறது. அப்போது 83-க்கு மேல் போகவே கூடாது. பத்து, பன்னிரண்டு வயதுத் தம்பி தங்கைகளுக்கானால் 78-க்கு மேல் கூடாது. துப்பாக்கி விளையாட்டில் என்ன ஆபத்து என்றால், மெல்லிய காலடிச் சத்தம் கேட்க வேண்டும் என்று பையன் ஒலியைக் கூட்டி வைத்திருப்பான். அதே அளவில் பக்கத்தில் குண்டு வெடிக்கும். 12 வயதிலிருந்து 35 வயதுவரை உள்ளவர்களில் 100 கோடிக்கு மேற்பட்டவர்கள் இப்படிக் காதைக் கெடுத்துக் கொள்ளும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று அந்த ஸ்தாபனம் எச்சரிக்கிறது. வீடியோ விளையாட்டுகளுக்கென்றே பாதுகாப்பு விதிமுறை ஒன்றை 2025-ல் வெளியிட்டிருக்கிறது என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்.

டெசிபலை அளக்க வீட்டில் கருவிக்கு எங்கே போவது? ஒலி அளவைக் கோட்டில் பாதிக்குச் சற்று மேல், நூற்றுக்கு அறுபது என்ற இடத்தில் நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசினால் அவன் காதில் விழ வேண்டும். மூடிய ஹெட்போன் வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும் என்பதால் குரலை ஒரு பிடி உயர்த்தலாம். கத்த வேண்டியிருந்தால் அளவு மீறிவிட்டது. மணிக்கு ஒரு தடவை கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வரட்டும். விளையாடி முடித்த பிறகு காதில் வண்டு ரீங்காரம் போல, 'கொய்ங்' என்று கேட்கிறதா என்று சிரித்த முகத்தோடு விசாரியுங்கள். அதட்டிக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவான். மறுநாளும் அந்த ரீங்காரம் நிற்காவிட்டால், வெந்நீர் ஒத்தடம், எண்ணெய்ச் சொட்டு என்று கைவைத்தியம் வேண்டாம். விழுப்புரம் பக்கத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

மைக்கைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. ஹெட்செட் வருவதற்கு முன்னால் எதிர்முனையில் பேசுகிறவன் குரல் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. யார், என்ன பேசுகிறார்கள் என்று அடுப்படியிலிருந்தே தெரிந்தது. ஹெட்செட் வந்த பிறகு பாதிப் பேச்சுத்தான் நமக்குக் கேட்கும். அந்தப் பக்கம் இருப்பவன் பக்கத்துத் தெருப் பையனா, பெயர் தெரியாத ஆசாமியா என்பது நமக்குத் தெரியாது. 'பப்ஜி' விளையாட்டைச் சர்க்கார் 2020 செப்டம்பரில் தடை செய்து, அடுத்த வருஷம் அதுவே வேறு பெயரில் வந்தபோது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தினம் மூன்று மணி என்று கட்டுப்பாடு வைத்தார்கள். நேரத்துக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். பேச்சுக்கு யார் போடுவது? அநேக விளையாட்டுகளில், தன் கோஷ்டிக்காரர் மட்டும் பேசும்படியோ, அன்னியர் குரலை அடைத்துவிடும்படியோ செய்ய வசதி இருக்கிறது. பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், "எங்கே, அதை எனக்குச் செய்து காட்டு தம்பி" என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். காரியம் ஆகவேண்டிய அந்த அரைமணி நேரத்தில் எந்தப் பிள்ளையும் ரொம்ப நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்!

ஆக, மண்டகப்பட்டுச் சகோதரி செய்ய வேண்டியது: பின்னில் வளையத்தை எண்ணுவது, மூன்று இருந்தால் செலவே இல்லை. இரண்டுதான் என்றால் காலர் மைக்குக்குச் சில நூறு ரூபாய். மிச்சப் பணம் குழுக் கணக்கிலேயே இருக்கட்டும். "சிநேகிதன் வீட்டில் விளக்கு எரிகிற ஹெட்செட் வைத்திருக்கிறானே!" என்று பையன் முகத்தைத் தூக்கிக்கொண்டால், அதற்கு மகேந்திரவர்மனும் பதில் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அவன் அப்பாவிடம் தள்ளி விடுங்கள்.